தீர்ப்பு முந்தினால் ஆட்டம் நின்றுவிடும்: அறச்சார்பும் சூழ்ச்சியும் சிக்கும் இடங்களுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

சனிக்கிழமை இரவுகளில் சிங்கப்பூரின் கிளமெண்டியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஐந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருகிறோம். ஆடுவது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஐந்தாம் பதிப்பு: ஒவ்வொருவரும் ஒரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் மேசை ஆட்டம். பேசுவது தமிழ். நான் நடத்துநர்: காட்சிகளை விவரிப்பதும் மற்ற பாத்திரங்களுக்காகப் பேசுவதும் என் வேலை. மற்ற நால்வரில் ஒருவர் மருத்துவமனையில் தாதி, ஒருவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியை, ஒருவர் பொறியாளர், இளையவன் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவன்.

சண்டைக் காட்சிகளில் எங்களுக்குச் சிக்கல் வந்ததே இல்லை. யார் முதலில் வாள் வீசுவது, அடி எவ்வளவு விழுந்தது என்பதற்கெல்லாம் விதிநூலில் பக்கம் பக்கமாகப் பதில் இருக்கிறது. மேசை உறைந்துபோகும் இடங்கள் இரண்டே. ஒரு பாத்திரம் செய்தது சரியா தவறா என்ற கேள்வி எழும் இடம் ஒன்று. அரண்மனைக்குள் யார் யாருக்குக் குழி பறிக்கிறார்கள் என்று துப்புத் துலக்கும் இடம் மற்றொன்று. இரண்டையும் தனித்தனி நோய் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். இப்போது ஒன்றே என்று நம்புகிறேன்: செயல் நடப்பதற்கு முன்பே யாரோ ஒருவர் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறார். சில வேளை அது ஆட்டக்காரரின் பாத்திரத் தாளிலேயே எழுதியிருக்கும். சில வேளை நடத்துநரின் வாயிலிருந்து தெரியாமல் நழுவிவிடும்.

கீழே உள்ளவற்றில் உங்கள் மேசையில் தெரியும் அறிகுறியை மட்டும் படித்தால் போதும். முதல் சோதனையை மட்டும் எல்லாரும் செய்துவிடுங்கள். பாதி வழக்குகள் அங்கேயே முடிந்துவிடும்.

முதல் சோதனை: யார் எந்தப் பதிப்பில் கற்றார்?

1974இல் இந்த ஆட்டம் வெளிவந்தபோது அறச்சார்பு, அதாவது பாத்திரம் எந்தப் பக்கம் சாய்ந்தவர் என்று தாளில் எழுதும் குறிப்பு, மூன்றே வகை: ஒழுங்கு, நடுநிலை, ஒழுங்கின்மை. நன்மை, தீமை என்ற இன்னொரு கோடு பிறகு சேர்ந்தது. 1978இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில் இரண்டு கோடுகளும் குறுக்கிட்டு ஒன்பது கட்டங்கள் ஆயின. 2000இல் வந்த மூன்றாம் பதிப்பில் பாலடின் (புனித வீரர்) என்றால் லாஃபுல் குட் (ஒழுங்கும் நன்மையும்) மட்டுமே. அறிந்தே ஒரு தீச்செயல் செய்தால் சக்தி பறிபோகும். 2008இல் ஒன்பது ஐந்தாகச் சுருங்கியது. 2014இல், நாங்கள் ஆடும் ஐந்தாம் பதிப்பில், ஒன்பதும் திரும்பி வந்தன, ஆனால் விதிகளில் அவற்றுக்கு அநேகமாகப் பல் இல்லை. பாலடினைக் கட்டுவது அறச்சார்பு என்பது போய், அவர் எடுக்கும் சபதம் என்றானது. இதன் வழிவந்த இன்னோர் ஆட்டமான பாத்ஃபைண்டர் 2023இல் தன் இரண்டாம் பதிப்பைத் திருத்தியபோது அறச்சார்பை அடியோடு எடுத்துவிட்டது.

ஆகவே ‘லாஃபுல் குட்’ என்று மூன்று பேர் சொன்னால் மூன்று பொருள் இருக்கலாம். எங்கள் பொறியாளர் மூன்றாம் பதிப்பைத் தம் அண்ணனிடம் கற்றவர். அவருக்கு அது மீறினால் தண்டனை வரும் சட்டம். மாணவனுக்கு அது ஒரு சுபாவக் குறிப்பு. ஆசிரியை இதற்கு முன் ஆடியதே இல்லை. அவர் ‘அறம்’ என்ற சொல்லைக் கேட்டதும் வேறோர் உலகத்துக்குப் போய்விட்டார். மூவரும் ஒரே மேசையில் ஒருவரையொருவர் தவறாகப் புரிந்துகொண்டபடி ஆறு வாரம் ஆடியிருக்கிறார்கள்.

செய்ய வேண்டியது: ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொருவரும் தம் பாத்திரத்தின் அறச்சார்பு என்றால் என்ன என்று ஒரே வாக்கியத்தில் சொல்லட்டும். பிறகு மேசைக்குப் பொதுவாக ஒரு வாக்கியம் எழுதி எல்லார் கண்ணிலும் படும்படி வையுங்கள். எங்களுடையது இது: ‘இதுவரை செய்ததன் பதிவு. இனிச் செய்ய வேண்டியதற்கான ஆணை அல்ல.’ உங்களுடையது இதற்கு நேர்மாறாகவும் இருக்கலாம். ஒன்று இருக்க வேண்டும், அவ்வளவே.

அறிகுறி: ‘என் பாத்திரம் அப்படிப்பட்டவன், நான் என்ன செய்வது?’

ஒருவர் குழுவின் பணத்தைத் திருடுகிறார், கைதியைக் கொல்கிறார், பேச்சுவார்த்தை நடக்கும் கூடத்துக்குத் தீ வைக்கிறார். கேட்டால் தாளைக் காட்டுகிறார்: ‘கேயாட்டிக் நியூட்ரல்’ (ஒழுங்கின்மை, நடுநிலை) என்று போட்டிருக்கிறதே.

காரணம் அந்த இரண்டு சொற்களில் இல்லை. பெரும்பாலும் அவருக்கு அந்தக் காட்சியில் செய்ய வேறொன்றும் இல்லாமல் இருந்திருக்கும். எங்கள் மாணவன் கோயில் உண்டியலில் கை வைத்த இரவில், அதற்கு முந்தைய நாற்பது நிமிடமும் மற்ற மூவர் மட்டுமே தூதருடன் பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் பகடையை அடுக்கிக் கோபுரம் கட்டிக்கொண்டிருந்ததை நான் பார்த்தும் பார்க்காமல் விட்டேன். ஆகவே முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்: அவர் கடைசியாக எப்போது பேசினார்?

அதன் பிறகு, தனியாக, ஆட்டத்துக்கு வெளியே, இரண்டு கேள்விகள் கேளுங்கள். உன் பாத்திரம் எதற்காகப் பொய் சொல்வான்? எது கிடைத்தாலும் எதை மட்டும் செய்ய மாட்டான்? இரண்டாவது கேள்விக்குத்தான் நேரம் பிடிக்கும். எங்கள் மாணவன் ஒரு வாரம் எடுத்துக்கொண்டு, ‘சிறு பிள்ளைகளிடம் திருட மாட்டான் அண்ணே, ஏனென்றால் அவன் சிறு பிள்ளையாக இருந்தபோது திருட்டுக் கொடுத்தவன்’ என்று எழுதி அனுப்பினான். அந்த ஒரு வரி அவன் தாளில் இருந்த இரண்டு ஆங்கிலச் சொற்களையும் தின்றுவிட்டது. அதன் பிறகு அவனுக்கு நான் வைத்த காட்சிகள் அனைத்தும் அந்த வரியைச் சுற்றித்தான் அமைந்தன.

இத்தனைக்குப் பிறகும் ஒருவர் மற்றவரின் மகிழ்ச்சியைக் கெடுப்பதையே ஆட்டமாகக் கொண்டிருந்தால், விதிநூலில் மருந்து தேடாதீர்கள். அது இரண்டு மனிதர்கள் உட்கார்ந்து நேருக்கு நேர் பேசித் தீர்க்க வேண்டிய செய்தி.

அறிகுறி: பாலடின் ஒரு பொய் சொல்கிறார், மேசை இரண்டாகப் பிளக்கிறது

இதை நடந்தபடியே சொல்கிறேன். துறைமுக நகரில் ஓர் உப்புக் கிடங்கு. மூட்டைகளுக்குப் பின்னால் பதினோரு அகதிகள். வாசலில் காவலர்கள். பாலடின் ஆடும் தாதி அக்கா கதவைப் பாதி திறந்து, ‘உப்பைத் தவிர இங்கே ஒன்றும் இல்லை’ என்றார்.

பொறியாளர் கையில் இருந்த பகடையைக் கீழே வைத்தார். ‘அக்கா, பாலடின் பொய் சொல்லக் கூடாது. சக்தி போய்விடும்.’

‘இந்தப் பதிப்பில் அப்படி இல்லை அண்ணே’ என்றான் மாணவன்.

ஆசிரியை குறளில் இறங்கினார்: பொய்மையும் வாய்மை இடத்த. பள்ளியில் எல்லாரும் மனப்பாடம் செய்ததுதான். குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் மெய்யின் இடத்தில் வைக்கப்படும். நால்வரும் என்னைப் பார்த்தார்கள். நான் விதிநூலைத் திறந்து தேடத் தொடங்கினேன். தலை நிமிர்ந்தபோது தாதி அக்கா தம் தேநீர்க் குடுவையை மூடிக்கொண்டிருந்தார். ‘சரி விடுங்கள், உண்மையையே சொல்லிவிடுகிறேன்’ என்றார். அன்றிரவின் மிக நல்ல கணத்தை நாங்கள் நால்வரும் சேர்ந்து அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டோம்.

பழுது எங்கே? பாலடினின் மனசாட்சியை மற்றவர்கள் ஆடத் தொடங்கியதில்தான். இதைச் சரிசெய்ய 2014 கையேட்டிலேயே வழி இருக்கிறது. பக்தி சபதம் எடுத்த பாலடினுக்கு ஐந்து நெறிகள்: நேர்மை, துணிவு, இரக்கம், மானம், கடமை. நேர்மை ‘பொய் சொல்லாதே’ என்கிறது. இரக்கம் ‘எளியவரைக் காப்பாற்று’ என்கிறது. அந்தக் கிடங்கு வாசலில் இரண்டு நெறிகளும் எதிரெதிரே நின்றன. அதைத் தீர்க்கும் உரிமை சபதம் எடுத்தவருக்கு மட்டுமே உண்டு. சபதம் தவறினால் உடனே சக்தி போய்விடும் என்றும் அந்த நூல் சொல்லவில்லை. தவறியவர் தம் சமயத்தைச் சேர்ந்த குருவிடமோ இன்னொரு பாலடினிடமோ போய்ப் பாவமன்னிப்புத் தேடுவது, இரவெல்லாம் விழித்திருந்து வழிபடுவது, நோன்பு இருப்பது போன்ற கழுவாய்களைத்தான் முதலில் சொல்கிறது. வருந்த மறுப்பவருக்கே கடைசித் தண்டனை.

ஆகவே நடத்துநர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே, கேட்க வேண்டிய ஆளும் ஒருவரே: ‘அக்கா, இந்தப் பொய் உங்கள் சபதத்தில் எதைத் தொடுகிறது?’ அவர் பதில் சொல்லும் வரை மற்ற யாரும் பேசக் கூடாது. அடுத்த வாரம் அந்தக் காட்சியை மறுபடி திறந்தோம். அவர் அதே பொய்யைச் சொன்னார். அன்றிரவு அகதிகள் கஞ்சி காய்ச்சிய அடுப்பின் அருகில் அவருடைய பாலடின் விடிய விடிய விழித்திருந்தாள். அவளை நம்பித் திரும்பிப் போன காவலர் மூன்று நாள் கழித்து வேலை இழந்து அவள் முன் வந்து நின்றார். ‘நீங்கள் பொய் சொல்ல மாட்டீர்கள் என்று நினைத்தேன் அம்மா’ என்றார், அவ்வளவே. எந்தச் சக்திப் பறிப்பும் இவ்வளவு கனத்திருக்காது.

இதே நோயின் இன்னொரு வடிவம், நடத்துநரே பொறி வைப்பது: எந்தப் பக்கம் போனாலும் பாலடின் தவறியாக வேண்டும் என்ற காட்சி. அப்படி ஒன்று எழுதியிருந்தால் கிழித்துப்போடுங்கள். தன் சபதம் எங்கே முறியும் என்பது பாலடினுக்குத் தெரியாமல் இருக்காது. செயலுக்கு முன்பே எச்சரியுங்கள்.

அறிகுறி: நீங்கள் வாயைத் திறந்ததுமே வில்லன் யார் என்று தெரிந்துவிடுகிறது

இது தமிழில் ஆடும் மேசைகளுக்கே உரிய பழுது. இதைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அரசவைக் காட்சி. நான் இப்படி விவரித்தேன்: ‘அமைச்சர் உள்ளே வந்தார். தளபதி எழுந்து வணங்கினார். கருவூலத் தலைவன் தூண் ஓரமாக நின்றான்.’ மூன்றாவது வாக்கியம் முடியுமுன் மாணவன் தன் குறிப்பேட்டில் எதையோ எழுதி வட்டமிட்டான். இரண்டு மாதம் கழித்து உடைய வேண்டிய சதி அன்றே உடைந்துவிட்டது. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன். ‘நீங்கள்தானே அண்ணே “நின்றான்” என்றீர்கள்.’

வினைமுற்றின் விகுதி என் தீர்ப்பை வெளியில் கொட்டிவிட்டது. மனத்துக்குள் வெறுப்பவரை ‘அவன்’ என்றும் மதிப்பவரை ‘அவர்’ என்றும் சொல்லும் பழக்கம் நம் நாக்கில் ஊறியிருக்கிறது. எவ்வளவு கவனமாகச் சதியை மறைத்தாலும் அது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான்.

நீக்கும் வழி: அமர்வுக்கு முன் பாத்திரப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே விகுதியை எழுதிவிடுங்கள். அதை முடிவு செய்வது அவருடைய பதவியும் வயதுமாக இருக்கட்டும். நல்லவரா கெட்டவரா என்பது அல்ல. கொலைகாரரும் ‘வந்தார்’. நல்ல மனம் படைத்த குதிரைக்காரச் சிறுவன் ‘வந்தான்’. ஒரு முறை வைத்ததை இடையில் மாற்றாதீர்கள். முகமூடிக்காரர், தூதர், ஒட்டுக்கேட்பவர் போன்றோருக்கு ‘வந்தவர்’, ‘கேட்டவர்’ என்ற வடிவம் இன்னும் உதவும். ஆணா பெண்ணா என்பதுகூட வெளியில் வராது.

விகுதி ஒழுங்குக்கு வந்துவிட்டால் அதே கருவி உங்கள் கையில் ஆயுதமாகிறது. இப்போது எங்கள் கருவூலத் தலைவர் குழுவுக்கு எழுதும் கடிதங்களில் எப்போதும் ‘தாங்கள்’. அரசியோடு பேசும்போதும் ‘தாங்கள்’. ஒரு நாள் தனியறையிலிருந்து வந்த குரலில் அவர் அரசியை ‘நீ’ என்று அழைப்பதை ஆசிரியையின் பாத்திரம் கேட்டது. அந்த ஓர் எழுத்துக்காக அந்த அமர்வு முழுவதும் நால்வரும் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். மிரட்டலா, உறவா, பழைய நட்பா? எந்தப் பகடையும் உருட்டப்படவில்லை.

அறிகுறி: ஓர்க் என்றதும் வாளை உருவுகிறார்கள், குட்டி ஓர்க் வந்ததும் திகைக்கிறார்கள்

மேலே சொன்ன பழுதின் தம்பி இது. ஓர்க் என்பது இந்த ஆட்டத்தில் பெரும்பாலும் எதிரிகளாக வரும் ஒரு கற்பனை இனம். உங்கள் விவரிப்பை ஒரு முறை பதிவுசெய்து கேட்டுப் பாருங்கள். ‘குகைக்குள் ஓர்க் படுத்திருந்தது’ என்கிறீர்களா, ‘படுத்திருந்தான்’ என்கிறீர்களா? ‘இருந்தது’ என்ற பிறகு யாரும் அதனிடம் பேச முயல மாட்டார்கள். திணை மாறிய இடத்திலேயே வழக்கு முடிந்துவிட்டது. பிறகு அழும் குழந்தை ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தி, இதைக் கொல்வது பாவமா என்று கேட்டால் ஆட்டக்காரர்களுக்கு உங்கள் மேல்தான் கோபம் வரும்.

எங்கள் ஆசிரியை அன்று நன்னூலை எடுத்தார். மக்கள், தேவர், நரகர் மூவரும் உயர்திணை. மற்றவை அஃறிணை என்பது அதன் சூத்திரம். நரகர் உயர்திணை! நரகத்தில் வாழ்பவருக்கும் இலக்கணம் ‘அவர்’ என்ற இடத்தைக் கொடுத்திருக்கிறது. சிந்திக்கும், பேசும், ஒப்பந்தம் செய்யும் எந்த உயிருக்கும் என் மேசையில் இப்போது உயர்திணைதான். ஓர்க்குகள் எதிரிகளாக வருகிறார்கள், சில நேரம் கொடியவர்களாகவும் வருகிறார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் என்ன செய்தார்கள் என்பதைக் கொண்டு.

ஆட்டத்தை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனமே 2020இல், ஓர்க்குகளையும் டிராவ் என்ற இன்னொரு கற்பனை இனத்தையும் பிறப்பிலேயே தீயவர்களாகக் காட்டுவதிலிருந்து விலகுவதாக அறிவித்தது. எனக்கு இதில் ஒரு சொந்தக் காரணமும் உண்டு. எங்கள் புளோக்கின் மின்தூக்கியில் நான்கு மொழிகள் கேட்கின்றன. ‘அந்த இனமே அப்படித்தான்’ என்ற வாக்கியத்தை ஒரு பதின்ம வயதுப் பையன் என் வீட்டில், விளையாட்டுக்காகக்கூட, சொல்லிப் பழகுவதை நான் விரும்பவில்லை.

அறிகுறி: ஒரே மந்திரத்தில் சதி முழுவதும் வெட்டவெளிச்சமாகிறது

‘உண்மை வட்டம் போடுகிறேன். நீங்கள்தானா கொலையாளி?’ பல நடத்துநர்கள் இந்த இடத்தில் மந்திரத்தைத் தடை செய்துவிடுகிறார்கள். அது தேவையில்லை. ‘ஸோன் ஆஃப் ட்ரூத்’ மந்திரத்தின் விவரத்தை மெதுவாக வாசியுங்கள். பதினைந்து அடி ஆரம், பத்து நிமிடம். உள்ளே இருப்பவர் தப்பிக்கப் பகடை உருட்டலாம். தப்பினாரா இல்லையா என்பது மந்திரம் போட்டவருக்குத் தெரியும். சிக்கியவர் அறிந்து பொய் சொல்ல முடியாது, ஆனால் தாம் வட்டத்துக்குள் இருப்பது அவருக்குத் தெரியும். பதில் சொல்லாமல் இருக்கலாம், உண்மையின் எல்லைக்குள் நின்று சுற்றி வளைக்கலாம். அரசவையில் பழம் தின்று கொட்டை போட்டவருக்கு இது போதாதா?

‘டிடெக்ட் ஈவில் அண்ட் குட்’ இன்னும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. 2014 விதிப்படி அது யாருடைய அறச்சார்பையும் காட்டாது. முப்பது அடிக்குள் பேய்கள், நடமாடும் பிணங்கள், தேவர்கள், வேற்றுலக உயிர்கள் உள்ளனவா என்றுதான் சொல்லும். லஞ்சம் வாங்கும் அமைச்சர் அதில் தெரியவே மாட்டார். ‘ஸ்பீக் வித் டெட்’ இறந்தவரிடம் ஐந்து கேள்விகள் மட்டுமே கேட்க விடும். உயிரோடிருந்தபோது தெரிந்ததுதான் அந்த உடலுக்குத் தெரியும். உங்களைப் பகையாகக் கருதினால் அது உண்மை சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.

ஆக, சதியை ஒரு மந்திரம் உடைக்கிறது என்றால் சதி மெல்லியது என்று பொருள். ஒருவருக்கே எல்லாம் தெரிந்த சதியாக எழுதாதீர்கள். கிணற்றில் தூள் போட்டவர் அது மருந்து என்று நம்பியிருக்கலாம். கொடுத்தவருக்கு அது எங்கே போனது என்று தெரியாது. இருவரும் உண்மையே பேசுவார்கள், இருவர் பேச்சும் பொருந்தாது. மேலும், மூத்த அமைச்சர் ஒருவர்மேல் சபையில் உண்மை வட்டம் போடுவது அவர் முகத்தில் துப்புவதற்குச் சமம். அந்த அவமானத்துக்கு ஒரு விலை வையுங்கள். மந்திரம் வேண்டுமா என்பதை ஆட்டக்காரர்களே எடைபோடுவார்கள்.

அறிகுறி: துப்பு கிடைக்காமல் இரண்டு மணி நேரம் ஊரைச் சுற்றுகிறார்கள்

ஒரு முடிவுக்குக் குறைந்தது மூன்று துப்பு வேண்டும் என்பது நடத்துநர்களிடையே பரவலாகப் புழங்கும் விதி. ஒன்றைக் கவனிக்காமல் விடுவார்கள், ஒன்றைத் தவறாகப் புரிந்துகொள்வார்கள், மூன்றாவது காப்பாற்றும். நானும் மூன்று வைத்தேன். ஆனாலும் ஆட்டம் நின்றது. ஏன் என்று ஒற்றாடல் அதிகாரத்தின் 589ஆம் குறள்தான் புரியவைத்தது. ஓர் ஒற்றரை மற்றோர் ஒற்றர் அறியாதபடி ஆள வேண்டும், அப்படிப்பட்ட மூவர் சொல் ஒத்துவந்தால் நம்பலாம் என்கிறார் வள்ளுவர். எண்ணிக்கையைவிட அந்த முதல் நிபந்தனைக்குத்தான் உயிர். என் மூன்று துப்புகளும், கணக்கேடு, கடிதம், முத்திரை, ஒரே பூட்டிய பெட்டிக்குள் இருந்தன. பெட்டி திறக்கவில்லை. மூன்று என்று நான் எண்ணியது ஒன்றே.

கருவூலத் தலைவர் பஞ்ச காலத்தில் தானியத்தை வெளிநாட்டுக்கு விற்கிறார் என்பது முடிவு. இப்போது மூன்று பேரிடம், ஒருவரையொருவர் அறியாத மூன்று இடங்களில் வைத்தேன். துறைமுகத்தில் எடை போடும் கிழவர்: வெறும் படகு என்று பதிவான படகுகள் தண்ணீரில் தாழ்ந்து போகின்றன. ரொட்டி சுடும் அம்மா: அரண்மனைக் கிடங்கு மாவில் தவிடு பாதி. கருவூலத் தலைவரின் மகள் கையில் உள்ளூரில் கிடைக்காத பவளம். கேட்டால் அப்பா கொடுத்தார் என்று பெருமையாகச் சொல்வாள். எந்த ஒன்றுக்கும் பகடை தேவையில்லை. யாரோ ஒருவரிடம் போய்ப் பேசினால் போதும். பகடை உருட்டினால், துப்பு கிடைக்குமா என்பதற்காக உருட்டாதீர்கள். நீங்கள் விசாரிப்பது எதிராளிக்குத் தெரிந்துவிட்டதா என்பதற்காக உருட்டுங்கள்.

அறிகுறி: யாரையும் நம்ப மறுக்கிறார்கள்

கடைசியாக அவர்களுக்கு உதவிய ஐந்து பாத்திரங்களின் பெயரை எழுதுங்கள். எத்தனை பேர் துரோகிகள் ஆனார்கள்? இரண்டுக்கு மேல் என்றால் குற்றம் உங்களுடையது. ஒருவரையாவது கடைசி வரை நம்பத்தக்கவராக வையுங்கள், அதை அவர் செலவில் மெய்ப்பித்தும் காட்டுங்கள். எங்கள் ரொட்டி அம்மா குழுவை மறைத்துவைத்ததற்காகக் கடையை இழந்தார். அதன் பிறகுதான் துரோகம் வலித்தது.

அறிகுறி: எல்லாருமே நடுநிலை

நால்வரும் தாளில் ‘நியூட்ரல்’ எழுதிவிட்டு, சதி நம்மைப் பாதிக்கவில்லை என்று ஒதுங்கி நிற்கிறார்கள். அவர்களை அறிவுரையால் அசைக்க முடியாது. தப்பிக்க முடியாத ஒரு வாசலில் நிறுத்துங்கள். புறநானூற்றின் 47ஆம் பாட்டின் பின்னணி அப்படி ஒரு வாசல்: நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்கு வந்த இளந்தத்தன் என்ற புலவரை ஒற்றன் என்று கருதி நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தபோது, கோவூர்கிழார் பாடி அவரைக் காத்தார். அதை எடுத்து ஒரே ஒரு மாற்றம் செய்தேன்: பிடிபட்ட பாணர் ஒற்றரா இல்லையா என்பது ஆட்டக்காரர்களுக்குத் தெரியாது. வாள் ஓங்கியிருக்கிறது. பேசுகிறீர்களா? அன்று நால்வரில் மூவர் பேசினார்கள். பேசாதவரின் மௌனமும் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருந்தது, அது அவருக்கே தெரிந்தது.

அறிகுறி: பாத்திரம் செய்த துரோகத்துக்கு மனிதர் புண்படுகிறார்

நான் செய்த மிக மோசமான தவறு இது. மாணவனுக்கு வாட்ஸ்அப்பில் ரகசியமாகச் செய்தி அனுப்பி, அவன் பாத்திரம் குழுவை விற்கட்டும் என்று ஏற்பாடு செய்தேன். மூன்று வாரம் நடந்தது. உடைந்தபோது கைதட்டல் வரும் என்று எதிர்பார்த்தேன். ஆசிரியை பேசவே இல்லை. அந்த மூன்று வாரமும் தம் பாத்திரத்தின் கடைசி மருந்துக் குப்பிகளை அவனுக்கே கொடுத்துவந்திருக்கிறார். அடுத்த இரண்டு சனிக்கிழமை அவர் வரவில்லை. நான் வீட்டுக்குப் போனேன். ‘தம்பி, ஏமாந்தது என் பாத்திரம் என்றால் ரசித்திருப்பேன். நான் அல்லவா ஏமாந்தேன்’ என்றார்.

அன்று முதல் எங்கள் மேசையில் ஒரு விதி. நமக்குள் துரோகி இருக்கலாமா என்று தொடக்கத்திலேயே எல்லாரிடமும் கேட்பது. ஒருவர் வேண்டாம் என்றாலும் கிடையாது. வேண்டும் என்றால், ஆட்டக்காரர்கள் அனைவருக்கும் தெரிந்தே நடக்கும். பாத்திரங்களுக்கு மட்டும் தெரியாது. ரகசியம் போனால் சுவை போய்விடும் என்று பயந்தேன். மாறாக, இப்போது ஆசிரியையே தம் பாத்திரத்தைத் துரோகியின் வலைக்குள் ஆசையாக நடத்திக்கொண்டு போகிறார்.

அறிகுறி: ஒருவர் சில வாரம் வராவிட்டால் சதி செத்துவிடுகிறது

பொறியாளருக்கு ஆண்டுதோறும் தேசியச் சேவை முகாம் பயிற்சி. தாதி அக்காவுக்கு இரவு வேலை முறை. இதை மாற்ற முடியாது. ஆகவே சதி அவர்கள் நினைவை நம்பி நிற்கக் கூடாது. சதியில் உள்ள ஒவ்வொரு தரப்புக்கும் ஓர் அட்டை போடுங்கள். என்ன வேண்டும், அடுத்து என்ன செய்யப்போகிறது, அது நடந்தால் ஊரில் எது கண்ணுக்குத் தெரியும், மூன்றே வரி. மூலையில் ஆறு துண்டாகப் பிரித்த ஒரு வட்டம். குழு தலையிடாத ஒவ்வொரு அமர்வுக்கும் ஒரு துண்டை நிரப்புங்கள். ஆறும் நிரம்பினால் நினைத்தது நடந்துவிடும். திரும்பி வருபவருக்கு நீங்கள் கதைச் சுருக்கம் சொல்ல வேண்டாம். அவர் மூன்று கேள்விகள் கேட்கட்டும். மற்றவர்கள் தம் பாத்திரத்தின் வாயாலேயே பதில் சொல்லட்டும். தெரிந்ததை மட்டுமே சொல்வார்கள், தவறாகவும் சொல்வார்கள். அதுவே சூழ்ச்சிக்குத் தீனி.

போன மாதம் பொறியாளர் மூன்று வாரம் கழித்து வந்தார். கருவூலத் தலைவரின் வட்டத்தில் நான்கு துண்டு நிரம்பியிருந்தது. பையைக்கூட இறக்கி வைக்காமல் முதல் கேள்வியைக் கேட்டார்: ‘அவர் நமக்கு எழுதும் கடிதத்தில் இன்னும் “தாங்கள்” என்றுதான் இருக்கிறதா?’ தாதி அக்கா ஒன்றும் சொல்லாமல் கடைசிக் கடிதத்தை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார்.